யாழ்ப்பாணத்தில் பழைய சாமான் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொருளைக் கையில் எடுத்ததும் விலை கேட்பதுதான் முதல் தவறு. "இது எந்தப் பக்கத்துச் சாமான், ஆர் வீட்டில இருந்தது அண்ணை?" என்று கேளுங்கள், அப்புறம் விலைக்குப் போங்கள். அந்தக் கேள்விக்கு வருகிற பதிலில்தான் இந்தத் தேடலின் ருசியே இருக்கிறது. காரைநகரிலோ சுன்னாகத்திலோ ஒரு ஆச்சி வெத்திலைத் தட்டத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி அது தன் தாயின் சீதனத்தோடு வந்த கதையைச் சொல்லத் தொடங்கினால், கடைசியில் "இதை மட்டும் விக்கமாட்டன் பிள்ளை" என்று சொன்னாலும் அன்றைய பொழுது வீணாகாது.

கேட்க வேண்டியதற்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு. 1990இலிருந்து போரினால் குடாநாட்டின் வலிகாமம் வடக்குப் பகுதியில் ஊர் ஊராகச் சனம் எழும்பிப் போனது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. தூக்க முடிந்ததைத்தான் கொண்டுபோனார்கள். கிடாரம், குத்துவிளக்கு, பெட்டகம் எல்லாம் வீட்டிலேயே கிடந்தன, சிலர் வளவுக்குள் தாட்டுவிட்டும் கிணற்றுக்குள் இறக்கிவிட்டும் போனார்கள். திரும்பி வந்தபோது எத்தனையோ வீடுகளில் கதவு நிலைகூட இருக்கவில்லை. ஆகவே ஊர் பேர் தெரியாத ஒரு நல்ல பித்தளைச் சாமான் உங்கள் முன்னால் வந்தால், அதை இன்னும் மறக்காத ஒரு குடும்பம் எங்கேயோ இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள். "எங்கயோ கிடந்தது, உங்களுக்கு என்னத்துக்கு அது?" என்று விற்பவர் மழுப்பினால் அந்தச் சாமானை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

கோயில் சாமான் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். தூக்குவிளக்கு, தட்டம், மணி இவற்றின் விளிம்பிலும் அடியிலும் விரலால் தடவிப் பாருங்கள். "உபயம்" என்ற சொல்லும் ஒரு பெயரும் வெட்டியிருந்தால் அது ஒருவர் கோயிலுக்குக் கொடுத்தது. நிர்வாகமே பழசைக் கழித்து விற்றதென்றால் அதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கும், அதைக் கேளுங்கள். எழுத்துகளை அரத்தால் தேய்த்த தடம் தெரிந்தால் கேட்கவே தேவையில்லை, நடையைக் கட்டுங்கள்.

கிடைத்த கதையை எழுதி வைக்காமல் விடுவதும் தவறு. எந்த ஊர், யார் வீடு, எதற்குப் பாவித்தார்கள், சொன்னவர் யார், எந்த ஆண்டு சொன்னார் என்று ஒரு தாளில் நாலு வரி எழுதி, படமும் எடுத்து வையுங்கள். பொருளின்மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பசை உலோகத்திலும் மரத்திலும் கறையை விடும். கதை என்றால் பெருமைக் கதை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். மூக்குப்பேணியை இன்று யாழ்ப்பாணத்தின் அடையாளமாகக் கண்ணாடி அலுமாரியில் வைக்கிறோம், வாய் படாமல் குடிக்கச் செய்த அழகான பாத்திரம்தான், ஆனால் அதே திண்ணைகளில் சாதியின் பெயரால் சிலருக்குச் சிரட்டையில்தான் தண்ணீர் ஊற்றினார்கள். அதையும் சேர்த்து எழுதினால்தான் அந்தப் பேணியின் கதை முழுமையாகும்.

மூக்குப்பேணி பற்றிப் பேச்சு வந்ததால் அதையே கொஞ்சம் கிட்டப் பார்ப்போம், ஏனென்றால் புதிதாகத் தேடத் தொடங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது அதில்தான். பளபளப்பைப் பார்க்காதீர்கள். கவிழ்த்து அடியைப் பாருங்கள்: பல வருடம் சீமெந்துத் தரையிலும் வாங்கிலும் வைத்து எடுத்த பேணியின் அடிவிளிம்பு ஒரே சீராகத் தேயாது, ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் தேய்ந்திருக்கும். உள்ளே எட்டிப் பாருங்கள், மூக்கு உடம்போடு சேர்கிற இடத்தில் பழைய கறுப்பு இருக்கும். சுற்றுலாப் பயணிகளுக்கும் கலியாணப் பரிசுக்குமாகச் செய்கிற புதியவை அநேகமாகப் பாரம் குறைந்தவை. உடம்பெல்லாம் கறுப்பேற்றி "பழசு" என்று தந்தாலும், கை படாத பள்ளத்தில் இருக்கிற அளவு கறுப்பு கை படுகிற வயிற்றிலும் இருக்கும். உண்மையில் புழங்கிய பாத்திரத்தில் அப்படி இருக்காது. கடைசியாக, விற்பவர் சம்மதித்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊற்றிப் பாருங்கள். குடிக்கவென்று செய்த பேணியில் தண்ணீர் மெல்லிய தாரையாகச் சிந்தாமல் விழும். அலங்காரத்துக்குச் செய்தது பெரும்பாலும் மூக்கின் அடிவழியே ஒழுகும். புதியதை வாங்குவதில் பிழையே இல்லை, புதிய விலைக்கு வாங்குங்கள்.

வெண்கலத்தையும் பித்தளையையும் மாற்றிச் சொல்லி விலை ஏற்றுகிறவர்களும் உண்டு. செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம், செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. விரலை மடக்கித் தட்டினால் வெண்கலம் நீண்டு ஒலிக்கும், பித்தளையின் ஓசை சீக்கிரம் அடங்கிவிடும். வெடிப்பு இருந்தால் இரண்டுமே செத்த சத்தம் தரும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நடக்கிற கொடுமைதான் எனக்குப் பொறுக்காதது. பொலிஷ் போட்டுத் தங்கம் மாதிரி மினுக்குவது! ஆச்சிமார் புளியும் சாம்பலும் போட்டு விளக்கினார்களே என்று கேட்பீர்கள். விளக்கினார்கள்தான், அது தினமும் சமைத்துச் சாப்பிட்ட பாத்திரம். நூறு வருடத்தில் ஒரு வெத்திலைத் தட்டத்தில் ஏறிய கபில நிறம் திரும்ப வராது, விளிம்பில் ஆணியால் வெட்டிய பெயரின் முதலெழுத்தும் ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். அந்த எழுத்தை வைத்துத்தான் யார் வீட்டுத் தட்டம் என்று கண்டுபிடிக்கவே முடிகிறது. வெறும் தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் ஈரம் போகத் துடைத்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெளிர்பச்சையில் பொடிபொடியாகக் கிளம்பி, துடைத்தாலும் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அது உப்பு ஏறி உலோகத்தை அரிக்கிறது. கடல் சூழ்ந்த ஊரில் இது சாதாரணம். அந்தச் சாமானைக் காய்ந்த இடத்தில் தனியாக வையுங்கள். இன்னொன்று, உள்ளே வெள்ளீயப் பூச்சுப் போன பித்தளையில் ஆசைக்காகப் புளிக்கறி வைக்காதீர்கள். புளி செம்பைக் கரைத்துச் சாப்பாட்டுக்குள் விடும்.

தேய்த்து மினுக்கக் கூடாது என்ற சட்டம் நாணயத்துக்கும் உண்டு. 1658இலிருந்து 1795 வரை ஒல்லாந்தர் இங்கே இருந்ததால் அவர்களின் செப்புத் துட்டுகள் இன்னும் வீடுகளில் கிடைக்கின்றன: ஒரு பக்கம் அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனியின் வி, ஓ, சி மூன்றும் பின்னிய எழுத்து, மறுபக்கம் நெதர்லாந்து மாகாணம் ஒன்றின் சின்னம். தேய்த்துச் சிவப்பாக்கிய துட்டைச் சேகரிப்பவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். ஒரு தட்டில் நாலைந்தை வைத்து விற்கிறார்களா, எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருக்கிறதா? அவை ஒரே அச்சில் வார்த்த போலிகள்.

பெட்டகமும் அலுமாரியும் வாங்குகிறவர்கள் முன்பக்கச் செதுக்கலில் மயங்கிவிடுகிறார்கள். இழுப்பறையைக் கழற்றிப் பின்பக்கத்தையும் அடியையும் பாருங்கள், கையால் அறுத்த பலகையில் வாள்தடம் நேர்கோடாகவும் சீரற்றும் இருக்கும், வட்டவாளால் அறுத்ததில் வளைந்த கோடுகள் ஓடும். மண்டையில் கூட்டல் குறி உள்ள திருகாணி 1930களுக்குப் பிறகுதான் உலகத்தில் புழக்கத்துக்கு வந்தது. ஒல்லாந்தர் காலத்துப் பெட்டகம் என்று சொல்லப்படுவதில் அது ஆதியிலிருந்தே இருக்க முடியாது, ஒன்றில் திருத்த வேலை, அல்லது பொய். துளைகளுக்குக் கீழே வெள்ளையாகப் புது மாவு கொட்டியிருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது, அதை அப்படியே கொண்டுபோய் மற்றத் தளபாடங்களோடு வைக்காதீர்கள். பழைய பூச்சைச் சுரண்டிப் புது வார்னிஷ் அடிக்கலாம் என்று தச்சர் சொன்னாலும் அவசரப்பட வேண்டாம்.

ஓலையில் எழுதிய ஏடு வேறு கதை. வைத்தியம், சாதகம், மாந்திரீகம் என்று பரணில் புகையேறிக் கிடக்கிற கட்டுகளை இன்னும் காணலாம். கட்டைப் பிரித்து ஒற்றை ஏட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவது பெரிய பாவம், வரிசை போனால் உள்ளே இருப்பதைப் பிறகு யாரும் படித்து விளங்க முடியாது. ஒட்டிப்போன ஏடுகளை நகத்தால் பிரிப்பதும், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று கையில் கிடைத்ததைத் தடவுவதும் அதே வகை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் போயின. எஞ்சியிருப்பது வீடுகளில்தான் இருக்கிறது. "நூலகம்" என்ற பெயரில் இயங்கும் இணைய ஆவணக நிறுவனம் இப்படியானவற்றை எண்ணிமப்படுத்துகிறது, ஏடு உங்களிடமே இருக்கலாம், உள்ளடக்கம் எல்லோருக்கும் கிடைக்கும். வாங்குவதற்கு முன்பே வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லுங்கள். அவர்கள் விற்காமல் படமெடுக்கக் கொடுத்தால் அதைவிட நல்ல முடிவு இல்லை.

நிலத்தைக் கிண்டாதீர்கள். பழங்காலக் குடியிருப்பு இருந்த கந்தரோடையில் மழைக்குப் பிறகு பாசிமணி பொறுக்கலாம், புதையல் இருக்கிறது, உலோகம் காட்டும் கருவி வைத்துத் தேடலாம் என்று கூட்டிப்போக ஆட்கள் இருக்கிறார்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்கள் தொல்பொருள்கள், அனுமதி இல்லாமல் அவற்றுக்காகத் தோண்டுவது குற்றம். சட்டத்தை விடுங்கள், ஆனைக்கோட்டை முத்திரையை நினைத்துப் பாருங்கள். மேலே குறியீடுகளும் கீழே பிராமி எழுத்தும் கொண்ட அந்தச் சின்னப் பொருளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஒரு பெருங்கற்கால ஈமத்தலத்தில் அகழ்ந்து எடுத்தது. எலும்புக்கூட்டோடும் மட்பாண்டங்களோடும் இருந்த இடத்திலேயே கண்டதால்தான் அது வரலாறு ஆனது. அதையே யாரோ ஒருவர் மண்வெட்டியால் கிளப்பி ஒரு கடையில் கொடுத்திருந்தால் இன்று எவரும் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்க முடியாது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மம்மாவின் குத்துவிளக்கு என்றாலும் கேட்காமல் சூட்கேசுக்குள் வைக்காதீர்கள். பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிப் பத்திரம் தேவை, தொல்லியல் திணைக்களத்தில் பொருளைக் காட்டி வாங்க நாள் எடுக்கும். பயணத்துக்கு முதல் நாள் ஓடித் திரிந்து பயனில்லை. யானைத்தந்தத்திலோ ஆமை ஓட்டிலோ செய்த எதையும் தொடவே வேண்டாம்.

வலம்புரிச் சங்கில் காசை இழந்தவர்கள் ஏராளம். சங்கை, நீண்டு ஒடுங்கிய வால் மேலே, ஊதுகிற முனை கீழே, வாய் உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் வலம்புரி. ஆனால் அதோடு நம்பிவிடாதீர்கள். அமெரிக்கக் கரைகளில் இயல்பாகவே அப்படிச் சுருளும் வேறொரு இனம் இருக்கிறது, மலிவான அதைத்தான் வலம்புரி என்று விற்கிறார்கள். நம் சங்கின் வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று நாலு வரம்புகள் புடைத்து ஓடும், விரலை விட்டுப் பார்த்தாலே தெரியும். அந்த மற்றதில் தண்டு வழவழவென்று இருக்கும்.

இறுதியாகப் பழசு மட்டும்தான் சேர்க்கத் தக்கது என்ற நினைப்பு. நீத்துப்பெட்டி, சுளகு, உமல், கடகம் எல்லாவற்றையும் இன்றும் பனையோலையில் கையால் இழைக்கிற அக்காமார் இருக்கிறார்கள், அவர்களிடம் சில்லறைக்குப் பேரம் பேசுகிற அதே ஆள் ஆறு மாதத்துப் போலிப் பேணிக்குக் கேட்டதைக் கொடுக்கிறார் என்பது வருத்தமான விஷயம். கடகத்தை எடுத்து உள்ளேயும் வெளியேயும் பாருங்கள். உள்ளே ஓலை, வெளியே மட்டையிலிருந்து உரித்த நாரால் பொத்தியிருக்கும், நல்ல கை பொத்தினால் மூலையில் இடைவெளி இராது, அமுக்கினால் திரும்ப நிமிரும். பிடித்திருந்தால் சொன்ன விலையைக் கொடுத்து, இழைத்தவரின் பெயரையும் ஊரையும் கேட்டு ஆண்டோடு எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் கட்டி மூடினால் பூஞ்சணம் பிடிக்கும், காற்றோட்டமான இடத்தில் வைத்து, வெங்காயமோ தேங்காயோ போட்டுப் பாவியுங்கள்.