ராணுவத்துக்குப் போகும் தம்பிகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

காலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர் அரசுப் பள்ளி மைதானத்தில் இருபது பையன்கள் ஓடுகிறார்கள். நான் 1999-இல் சிப்பாயாகச் சேர்ந்து, 17 ஆண்டு முடித்து ஊருக்கு வந்தவன். வந்ததிலிருந்து என் காலைப்பொழுது இவர்களோடுதான். வருடா வருடம் முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறவில்லை. அதில் பாதி நானே பதினெட்டு வயதில் செய்தவை. சிகரெட்டை விடு, சீக்கிரம் படு என்பதையெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். வீட்டில் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

ஓட்டத்தை மட்டும் நம்புவது

முன்பெல்லாம் முதலில் ஓட்டம், அப்புறம்தான் எழுத்துத் தேர்வு. 2023 முதல் அது தலைகீழாகிவிட்டது. கணினித் தேர்வில் தேறினால்தான் மைதானத்துக்கே கூப்பிடுவார்கள். பொதுப்பணி சிப்பாய்க்கு ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். தப்பாக எழுதினால் அரை மதிப்பெண் போகும். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் 60, பத்து பீம் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது) எடுத்தால் 40 என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறந்தவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. காலையில் ஓடுங்கள், மாலையில் ஒரு மணி நேரம் கணக்கும் பொது அறிவியலும் படியுங்கள்.

பெயரும் இனிஷியலும்

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மார்க் ஷீட்டில் ‘மணிகண்டன் மு’. ஆதாரில் ‘மணிகண்டன் முருகேசன்’. சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் ‘முருகேஷ்’. பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. ஊரில் கேட்டால் எல்லாம் ஒரே ஆள்தான். ஆவணம் பார்க்கிற மேஜையில் அப்படி இல்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர் எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்ப்பார், வடக்கத்திக்காரராக இருந்தால் நம் இனிஷியல் வழக்கமே அவருக்குப் புரியாது. கார்த்திக் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ, அத்தனையையும் என் பையன்களிடம் பார்த்துவிட்டேன். சில சமயம் ஒரே பையனிடம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பையன். 5 நிமிடம் 18 விநாடியில் ஓடி முடித்தான். பத்து பீமும் மூச்சு வாங்காமல் எடுத்தான். மார்க் ஷீட்டில் அவன் பிறந்த தேதி ஜூன் 5. ஆதாரில் நாளும் மாதமும் இடம் மாறி மே 6 ஆகியிருந்தது. விண்ணப்பத்தை நிரப்பிய பிரவுசிங் சென்டர்காரர் ஆதாரைப் பார்த்து அடித்துவிட்டார். பையன் திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மைதானத்தில் எல்லாம் முடிந்து, கடைசியில் சான்றிதழ் பார்க்கிற இடத்தில் அது வெளியே வந்தது. ராத்திரி பஸ் பிடித்து வந்து, விடிகாலையில் நேராக மைதானத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தான். கையில் மார்க்கரால் எழுதிய எண் அழியவே இல்லை. அடுத்த அறிவிப்பு வந்தபோது அவனுக்கு வயது தாண்டிவிட்டது. இந்த வேலைக்கு ஆறு வருடம் முன்னாலிருந்து ஓடிய பையன் அவன்.

என் கதையையும் சொல்கிறேன். சேர்ந்த அன்று படிவம் நிரப்பினவர் அம்மா பெயர் என்ன என்று இந்தியில் கேட்டார். வீட்டில், தெருவில் எல்லாரும் கூப்பிடுகிற பெயரைச் சொன்னேன்: பொன்னம்மா. அம்மாவின் ரேஷன் கார்டில் இருந்த பெயர் சின்னப்பொண்ணு. அவர் எழுதியதை நான் படித்துப் பார்க்கவில்லை, காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பதினேழு வருடம் அந்தப் பெயர் யார் கண்ணிலும் படவில்லை. ஓய்வு பெற்று வந்த பிறகு அம்மாவுக்கு மருத்துவ அட்டை எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, ராணுவ ஆவணப்படி சின்னப்பொண்ணு என் அம்மாவே இல்லை. நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், பத்திரிகையில் விளம்பரம், ஆவண அலுவலகத்துக்குக் கடிதம். மூன்று முறை குறை சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பார்ட் டூ ஆர்டரில், அதாவது நம் பணிப் பதிவில் மாற்றத்தை ஏற்றும் ராணுவ ஆணையில், பெயர் திருத்தம் வந்துசேர இரண்டு வருடம் ஆனது. அதற்குள் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்கு என் மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போனது. பதினெட்டு வயதில் ஒரு நிமிடம் படித்துப் பார்த்திருந்தால் அந்தச் செலவு முழுக்க மிச்சம்.

அதனால் இதைச் செய்யுங்கள். பிளஸ் ஒன் படிக்கும்போதே எல்லாச் சான்றிதழையும் ஒரு பாயில் விரித்துப் போடுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்தான் மூலம், மற்ற எல்லாம் அதற்கு ஒத்துப்போக வேண்டும். உங்கள் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர் நாலையும் ஆங்கில எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. அவசரப்பட்டு மாற்றி, மறுபடியும் தப்பாகிவிட்டால் அலைச்சல் பெரிது. மார்க் ஷீட்டிலேயே தப்பு இருந்தால் பள்ளித் தலைமையாசிரியர் மூலமாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு எழுத வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். கடைசி வாரத்தில் ஓடி எதுவும் நடக்காது. நன்னடத்தைச் சான்று, மணமாகாதவர் என்ற சான்று எல்லாம் பழைய தேதியில் இருந்தால் ஏற்க மாட்டார்கள், அவற்றை மட்டும் கடைசியில் வாங்குங்கள். விண்ணப்பத்தை யார் நிரப்பினாலும் அனுப்புகிற பட்டனை அழுத்துவதற்கு முன்னால் நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். சேருகிற அன்று அம்மாவின் ஆதாரில் உள்ள பெயரைச் சொல்லுங்கள். இந்தி புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

மெடிக்கலைக் கடைசிக்கு விடுவது

இரண்டு வருடம் ஓடிவிட்டு, நிறக்குருடு என்று மெடிக்கலில் தெரிந்துகொண்டு திரும்பிய பையனைப் பார்த்திருக்கிறேன். கண் மருத்துவரிடம் வண்ணப் புள்ளிகளுக்குள் எண் தெரிகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதற்கு மருந்து கிடையாது. முதல் மாதமே தெரிந்திருந்தால் வேறு வேலைக்குப் படித்திருப்பான். பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் அரசு மருத்துவமனைக்குப் போய் கண், காது, பல், பாதம், முட்டி, விரைவீக்கம் எல்லாவற்றையும் காட்டுங்கள். தட்டைப் பாதமா என்று வீட்டிலேயே ஓரளவு தெரியும்: காலை நனைத்துச் சிமெண்ட் தரையில் வையுங்கள், நடுவில் வளைவு விழுகிறதா பாருங்கள். சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகும் குறை இருந்தால் செய்துகொண்டு ஆறவும் அவகாசம் கிடைக்கும்.

பச்சை குத்துவது

முன்கையின் உட்பக்கம், புறங்கை தவிர வேறெங்கு இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குத்தவே வேண்டாம்.

புரோக்கர்

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சிப்பாய் மட்டும்தான் வழி என்று நினைப்பது

பிளஸ் டூவில் நன்றாகப் படிக்கிற பையன்கூட, எங்கள் ஊரில் அதிகாரியாகப் போவதைப் பற்றி யோசிப்பதே இல்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வை யூபிஎஸ்சி வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. பதினாறரை முதல் பத்தொன்பதரை வயது வரை எழுதலாம், பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணக்கும் வேண்டும், தரைப்படைக்கு எந்தப் பிரிவு படித்திருந்தாலும் சரி. பட்டம் முடித்தவர்களுக்கு வேறு தேர்வு இருக்கிறது, அதில் தேறியவர்களில் ஒரு பகுதியினருக்குப் பயிற்சி நம் பரங்கிமலையிலேயே நடக்கிறது. பத்தொன்பதரை தாண்டிய பிறகு என்னிடம் வந்து கேட்டால் நான் என்ன செய்ய?

நாலு வருடக் கணக்கைப் போடாமல் போவது

2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்த பிறகு சிப்பாயாகச் சேர்வது நாலு வருட வேலை. முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 பிடித்துக்கொண்டு 21,000 கையில் தருவார்கள். நாலாம் வருடம் சம்பளம் 40,000. பிடித்த பணத்துக்கு அரசும் அதே அளவு போட்டு, முடிவில் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே அசலும், அதற்கு மேல் வட்டியும் தரும். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. ஒரு அணியில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். மைதானத்தில் கேட்டால் இருபது பேரும் அந்த 25 சதவீதத்தில் தான் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என்னை மனிதனாக்கியது ராணுவம், இன்றைக்குப் பதினெட்டு வயது என்றால் மறுபடியும் போவேன். ஆனால் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் கையில் என்ன இருக்கும் என்று இப்போதே யோசித்துவிட்டுப் போங்கள். பிளஸ் டூவை முடித்துவிட்டுச் சேருங்கள். உள்ளே இருக்கும்போதே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குப் பதிந்துகொள்ளுங்கள், பட்டத்துக்கான மதிப்பீட்டில் பாதியை உங்கள் ராணுவப் பயிற்சிக்கே தருகிறார்கள். காதலில் தோற்றதற்காகவும், வீட்டுச் சண்டைக்காகவும் சேராதீர்கள். அந்தக் கோபம் மூன்று மாதத்தில் ஆறிவிடும், நீங்கள் போட்ட கையெழுத்து அப்படியே இருக்கும்.

போன வாரம் ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். “நாலு வருஷம் முடிஞ்சா பத்து லட்சம் வருதாமே சார், பொண்ணு கல்யாணத்தை முடிச்சிடலாம்” என்றார். “அண்ணே, அது இவன் அடுத்த வேலைக்கோ கடைக்கோ போடவேண்டிய முதல். கல்யாணத்துல போட்டுட்டா இவன் வெறுங்கையோடதான் நிப்பான்” என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது, ஆனால் உட்கார்ந்து முழுக் கணக்கையும் கேட்டுக்கொண்டார். பையனுக்குப் பதினேழு வயது. மறுநாள் வரும்போது மார்க் ஷீட்டையும் அம்மாவின் ஆதாரையும் எடுத்து வரச் சொல்லி அனுப்பினேன்.