தொட்டிச் செடி பூக்கவில்லையா? உரம் வாங்கும் முன் வேரைப் பாருங்கள்

நர்சரியில் மொட்டும் பூவுமாக நின்ற ரோஜா, வீட்டுக்கு வந்த ஒரே மாதத்தில் காய ஆரம்பித்தால் உரக்கடைக்கு ஓடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு மண்ணுக்குள்தான்.

நர்சரிச் செடிகள் பலவற்றின் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே தொட்டியில் வைப்பதுதான் முதல் தவறு. வெயிலில் அது செங்கல் மாதிரி இறுகிவிடும். ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றி வழிந்து அடித்துளை வழியே போய்விடும். மேல்மண் ஈரமாகத் தெரியும், உள்ளே வேர் காய்ந்து கிடக்கும். நடுவதற்கு முன் உருண்டையை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, வெளிப்பக்கக் களிமண்ணை மட்டும் விரலால் மெல்லக் கரைத்துவிடுங்கள். மாலையில் நட்டு, நான்கைந்து நாள் நிழலில் வையுங்கள். ஒட்டுப்போட்ட இடம் (வேறொரு செடியின் வேர்த்தண்டோடு ரோஜாவை இணைத்த இடம்) மண்ணுக்கு மேலே இருக்கட்டும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிரை உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் அதுவே செடியை விழுங்கிவிடும்.

மண்கலவைக்கு செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1, தென்னை நார்க்கழிவு 1 போதும். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கும். மக்காத சாணமும் வேண்டாம், சூட்டில் வேர் வெந்துவிடும். வடிகாலுக்கென்று அடியில் ஜல்லி நிரப்புவதால் பயனில்லை. ஜல்லிக்கு மேலுள்ள மண்ணில் ஈரம் தேங்கும், வேருக்கான இடமும் குறையும். துளையை ஓர் ஓட்டுத்துண்டால் மூடினாலே போதும்.

ரோஜாவுக்கு 12 அங்குலத் தொட்டி, செம்பருத்திக்கு 14 முதல் 16. டேபிள் ரோஸுக்கு (பத்துமணிப் பூ) 6 அங்குலமே தாராளம். பெரிய தொட்டியில் ஈரம் நாள்கணக்கில் தங்கி அதன் தண்டு அழுகும். நிழலில் வைத்தால் அது பூவை விரிக்கவே விரிக்காது.

கடிகாரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை 2 அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

இலை கரும்பச்சையாகச் செழித்தும் மொட்டே இல்லையென்றால் வெயில் குறைவாக இருக்கலாம், அல்லது யூரியா போன்ற உரத்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்திருக்கலாம். வாடிய ரோஜாப் பூவைக் காம்போடு விட்டுவைப்பதும் தவறுதான். ஐந்து சிற்றிலை உள்ள இலைக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினால் அங்கிருந்து புதுக்கிளை வரும்.

செம்பருத்தித் தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் நுனித் தளிரைத் திருப்பிப் பாருங்கள், பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி இருக்கலாம். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் தெளியுங்கள். உச்சிவெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று வாரம் தெளித்தால்தான் பிறகு பொரித்து வரும் குஞ்சுகளும் போகும்.