ஊர்க் கண்மாயின் சொற்களைத் திரட்டிக் கணினியில் ஏற்றுவது எப்படி? பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் என்று வெவ்வேறு பெயரில் ஏறத்தாழ 39,000 பாசன நீர்நிலைகள் உள்ளன. பெயரைப் போலவே அவற்றின் உறுப்புகளைக் குறிக்கும் சொற்களும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகின்றன. நீர்நிலை நிறைந்து மிகுதி நீர் வெளியேறுவதைச் செங்கல்பட்டுப் பக்கத்தில் ‘ஏரி கோடி போகிறது’ என்பார்கள்; திருநெல்வேலியில் ‘குளம் மறுகால் பாய்கிறது’ என்பார்கள். அந்த நீர் வழிந்தோடும் கற்கட்டைக் கல்வெட்டுகளும் எழுத்துத் தமிழும் ‘கலிங்கு’ என்றும், சிவகங்கை, இராமநாதபுரம் வட்டாரத்துப் பேச்சு ‘கலுங்கு’ என்றும் வழங்குகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவர்களை ஒரு கண்மாய்க் கரைக்கு அழைத்துச் சென்றேன். கலுங்கின் மேல் நின்றிருந்த மாணவி ஒருத்தி அதைத் ‘தடுப்பணை’ என்றாள். நீருக்குக் குறுக்கே கட்டப்பட்ட எதற்கும் அவள் கேட்டிருந்த சொல் அது ஒன்றுதான். தடுப்பணை ஓடும் நீரைத் தேக்குவதற்காகக் கட்டப்படுவது; கலுங்கோ கரை உடையாதபடி மிகுதி நீரை வெளியே விடுவதற்காகக் கட்டப்பட்டது. இரண்டும் ஒன்றென்று எண்ணி, கூடுதல் நீர் நிற்கட்டும் என்று கலுங்கின் மட்டத்தை உயர்த்தினால், பெருமழையில் மண்கரைதான் உடையும். ஊர்ச்சொல் ஒவ்வொன்றிலும் அந்த உறுப்பின் பணி அடங்கியிருக்கிறது. சொல் மறந்துபோன இடத்தில் பராமரிப்பு முறையும் மறந்துபோகிறது. இந்தப் பணியை மொழிப்பாடமாக மட்டும் கொள்ளாமல் நீர்ப் பாதுகாப்பின் பகுதியாகவே நடத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கையில் ஒரு திறன்பேசி, பள்ளியில் ஒரு கணினி, இடையிடையே கிடைக்கும் இணைய இணைப்பு ஆகியவை இருந்தால் போதும்.

முதலில் கரைக்குச் செல்லுங்கள்

ஒரே ஒரு நீர்நிலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதை முதலில் கேட்டறியுங்கள். பொதுவாக 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத்துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் உள்ளன. பிற்பாடு மனு எழுதும்போது இந்தச் செய்தி தேவைப்படும். பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் எழுத்தில் இசைவு பெற்று, நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் உடன்வர, ஐந்தாறு மாணவர்களுக்கு மேற்படாத குழுவாகச் செல்லுங்கள்.

கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் தொடங்கி, கரை வழியாக வயலுக்கு நீர் விடும் மடைகளைப் பார்த்துக் கலுங்கு வரை நடந்து, அங்கிருந்து கடைசியில் நீர் பெறும் கடைமடை வயல் வரை செல்வது நல்ல வரிசை. நீர் செல்லும் திசையிலேயே நடந்தால் சொற்களும் அந்த வரிசையிலேயே வந்து சேரும்.

எதையாவது சுட்டிக்காட்டி ‘இதற்குப் பெயர் என்ன?’ என்று கேட்க வேண்டாமென்று மாணவர்களிடம் சொல்லிவையுங்கள். அப்படிக் கேட்டால் பெரியவர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றதென்று தாங்கள் கருதும் சொல்லைத்தான் தருவார்கள். ‘தாத்தா, மடையை எந்த மாசம் தொறப்பீங்க? யாரு வந்து தொறப்பாங்க? தண்ணி பத்தலேன்னா எந்த வயலுக்கு மொதல்ல விடுவீங்க?’ என்று வேலையைப் பற்றிக் கேட்டால், சொல் தன் வாக்கியத்தோடு வெளிவரும். அப்பத்தாக்களைத் தவறாமல் கேளுங்கள். ஊருணியிலிருந்து குடிநீர் சுமந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நீரின் நிறம், சுவை, தெளிவு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் ஆண்களைவிட அவர்களிடம் மிகுதியாக இருப்பதை ஒவ்வொரு முறையும் கண்டிருக்கிறேன்.

ஒலியும் படமும்

திறந்தவெளியில் காற்றுதான் பெரிய இடையூறு. கரையின் காற்றடிக்காத பக்கத்தில், மரத்தடியில் அமர்ந்து, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் பேசியைப் பிடித்துப் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் ஊர், நாள் ஆகியவற்றை மாணவர் தம் வாயால் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் இதை நான் வலியுறுத்தத் தவறினேன். நாற்பது பதிவுகள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்டு பேசியில் கிடந்தன. எது எந்த ஊரில் பதிந்தது என்று பிரிக்க முடியாமல் பாதியை விட்டுவிட நேர்ந்தது. அன்று மாலையே கோப்புகளுக்கு ஊர்ப்பெயர், நாள், வரிசை எண் என்ற ஒழுங்கில் பெயரிட்டு, கணினியில் ஒரு படியும் விரலியில் (பென் டிரைவ்) ஒரு படியும் வைத்துவிடுங்கள்.

படங்களையும் ஒலிகளையும் வாட்ஸ்அப் வழியாகப் படமாகவோ குரலாகவோ அனுப்பாதீர்கள். தரம் குறைவதோடு, படத்தினுள் பொதிந்திருக்கும் இடக்குறிப்பும் நீங்கிவிடும். கம்பிவழியே நேராகக் கணினிக்கு மாற்றுவது நல்லது.

இசைவு பெறும்போது, ‘உங்கள் குரலை இணையத்தில் போடுவோம், உலகில் யாரும் அதைக் கேட்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், காசு வாங்கியும் விற்கலாம்’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தயங்குபவரின் குரலைப் பள்ளிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, சொல்லை மட்டும் வெளியிடலாம். மாணவர்களின் குரலையும் முகத்தையும் வெளியிடாதிருப்பதே என் வழக்கம்.

அட்டவணை

விரிதாள் ஒன்றில் ஒரு சொல்லுக்கு ஒரு வரிசை போடுங்கள். சொல், பேச்சில் ஒலிக்கும் முறை, பொருள், அவர் சொன்ன வாக்கியம் மாறாமல், ஊரும் மாவட்டமும், சொன்னவரின் தொழில், நாள், ஒலிக்கோப்பின் பெயர், படத்தின் பெயர் என்று நிரல்கள் அமையட்டும். இவற்றுள் இன்றியமையாதது வாக்கியம். ‘மடை: நீர் வெளியேறும் வழி’ என்ற பொருளை எந்த அகராதியிலிருந்தும் எடுத்துவிடலாம். ‘கடமடக்காரனுக்குத் தண்ணி வந்து சேந்த பெறகுதான் தலமடைய அடைப்போம்’ என்ற வாக்கியத்திலோ மடையும் இருக்கிறது, நீரைப் பகிரும் ஊர் நியாயமும் இருக்கிறது. திருத்தம் என்ற பெயரில் அதை எழுத்துத் தமிழாக மாற்றிவிடாதீர்கள். வேண்டுமானால் அடுத்த நிரலில் எழுத்து வடிவத்தைத் தாருங்கள்.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைக் கற்பிக்கப் பரிந்துரைக்கிறேன். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. க, ல, உ, ங, க, உ என்று ஆறு விசைகளை அடித்தால் ‘கலுங்கு’ வந்துவிடும். ங-வை அடுத்துக் க வரும்போது புள்ளி தானாகவே விழும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை மாணவர்கள் விரல்நுனியில் உணர்வதால், இலக்கணப் பாடமும் இதனூடே நடந்துவிடுகிறது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொது எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தாலும், அதன் உள்ளமைப்பை அறியாமல் அட்டவணை போட்டால் பிழைகள் நுழையும். விரிதாளிடம் ‘கலுங்கு’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 7 என்று சொல்லும். நாம் எண்ணுவது நான்கு எழுத்து. கணினி உகரக் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. இதை வகுப்பில் கரும்பலகையில் பிரித்துக் காட்டுங்கள். ‘கோடி’ என்ற சொல்லின் முதலெழுத்தை ஓகாரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றொன்றைச் சில மென்பொருள்கள் காட்டுவதில்லை. பைத்தான் மொழியின் ஒருங்குறி இயல்பாக்கக் கட்டளை ஒரே வரியில் இதைச் சீராக்கிவிடும். ‘ஔ’ என்ற எழுத்தை ஒகரமும் ளகரமுமாக அடித்திருந்தால் அக்கட்டளை உதவாது. கண்ணால் பார்த்துத் திருத்துவது ஒன்றே வழி.

இன்னொரு பிழை ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் (ா) இடையிலானது. மாணவர் ஒருவர் ‘வரத்துக்கால்’ என்பதில் ரகரத்துக்குப் பதிலாகக் காலை இட்டதால் அது ‘வாத்துக்கால்’ ஆகியிருந்தது. சில எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே சரிபார்க்கும்போது எழுத்துருவைப் பெரிதாக்கிப் படியுங்கள். அகரவரிசையிலும் கவனம் தேவை. ஒருங்குறி எண் வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வருவதால், அந்த எண்ணைக் கொண்டே அடுக்கும் மென்பொருள் நம் நெடுங்கணக்கைக் குலைத்துவிடும். லிப்ரெஆபிஸ் விரிதாளில் வரிசைப்படுத்தும்போது மொழியைத் தமிழ் என்று தேர்ந்தால் இது நேராது. பழைய கோப்புகள் பாமினி போன்ற, ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் இருந்தால், முதலில் எழுத்துரு மாற்றி கொண்டு அவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவாருங்கள்.

அட்டவணை முடிந்தபின் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியோடு ஒப்பிடுங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த இப்பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஊர்ச்சொல் அங்கே இருந்தால் பொருள் ஒன்றுகிறதா, வேறுபடுகிறதா என்று குறியுங்கள். இல்லையென்றால், உங்கள் மாணவர் தந்த வாக்கியத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது. ஒப்பிடும்போது கல்வெட்டுச் சொற்களையும் வகுப்பில் நினைவூட்டலாம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரியைக் கவனித்த ஊர்ச்சபைக் குழுவான ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. மின்வாரியத்தை அறிந்த மாணவர்கள், ஏரிக்கும் ஒரு வாரியம் இருந்தது என்று கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

எங்கே ஏற்றுவது?

பள்ளிக்கென்று தனித்தளம் தொடங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. கட்டணம் கட்டத் தவறிய ஆண்டிலேயே அது மறைந்துவிடும். பலரும் சேர்ந்து காக்கும் பொதுக் களஞ்சியங்களே இதற்கு ஏற்றவை. சொல்லும் பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியமும், யாரும் எழுதித் திருத்தக்கூடிய இணைய அகராதியான தமிழ் விக்சனரிக்குச் செல்லட்டும். வட்டார வழக்கு என்பதையும் மாவட்டத்தையும் பதிவில் தவறாமல் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் பிற வட்டாரத்தவர் அதைப் பிழையென்று நீக்கக்கூடும். அச்சில் உள்ள அகராதிகளின் விளக்கத்தைப் படியெடுக்காமல், மாணவர்களின் சொந்த நடையில் பொருள் எழுதச் செய்யுங்கள்.

படமும் ஒலியும், கட்டற்ற கோப்புகளின் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்துக்கு (காமன்ஸ்) உரியவை. பல பேசிகள் பதிவைச் சேமிக்கும் எம்4ஏ வடிவத்தைப் பொதுவகம் ஏற்பதில்லை; ஆடாசிட்டி போன்ற கட்டற்ற மென்பொருளால் வேவ், ஃபிளாக், ஓக் வடிவங்களில் ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் ஆக்குநர்சுட்டு-அதேமாதிரிப் பகிர்தல் 4.0 உரிமத்தில் வெளியிட்டால், எடுத்துப் பயன்படுத்துபவர் மூலத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். மாற்றியமைத்ததையும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும். சொற்களின் ஒலிப்பை மட்டும் விரைவாகப் பதிய லிங்குவா லிப்ரே என்ற தளம் உதவும். சொற்பட்டியலைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டிப் பதிந்து, பொதுவகத்தில் தானே சேர்த்துவிடும்.

நீர்நிலையின் இடத்தை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குறியுங்கள். கண்மாயின் பரப்பு பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே இருக்கும். இல்லாதவை அதன் தமிழ்ப்பெயரும் வரத்துக்கால், மடை, கலுங்கு ஆகியவையும்தான். நடந்து பார்த்ததையும் ஊரார் சொன்னதையும் மட்டுமே சேர்க்க வேண்டும். வணிக வரைபடங்களைப் பார்த்துப் பெயரெடுத்து எழுதுவது உரிமத்துக்கு முரணானது. வரத்துக்காலை முழுமையாக வரைந்து முடித்த மாணவர்களுக்கு, அது எங்கே அறுபட்டிருக்கிறது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைக் கோப்பர்நிக்கஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 10 மீட்டர் நுணுக்கத்தில், ஏறத்தாழ ஐந்து நாளுக்கொரு படம் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேகம் மறைக்கும். சனவரிப் படத்தையும் மே மாதப் படத்தையும் அடுத்தடுத்து வைத்து, நீர்ப்பரப்பு எவ்வளவு சுருங்கியது என்று பட்டியலில் ஆண்டுதோறும் எழுதிவாருங்கள்.

ஊருக்குத் திரும்பக் கொடுப்பது

திரட்டியவை இணையத்தில் மட்டும் இருந்தால் கொடுத்தவர்களின் கண்ணில் அவை படுவதேயில்லை. சொல்லும் படமும் உள்ள பெரிய தாளொன்றை அச்சிட்டு ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளியிலும் ஒட்டுங்கள். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று நடக்கும் கிராமசபையில் மாணவர்கள் அதை உரக்க வாசிக்க இசைவு கேளுங்கள். பிழை இருந்தால் பெரியவர்கள் அங்கேயே எழுந்து திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களை அந்த வாரத்திலேயே விக்சனரியில் செய்துவிடுங்கள். தூர்வாரக் கோரும் மனுவையும் இச்சொற்களாலேயே எழுதப் பழக்குங்கள். ‘கண்மாயைச் சரிசெய்ய வேண்டும்’ என்ற மனுவைவிட, ‘வரத்துக்கால் இன்ன இடத்தில் மண்மேவியுள்ளது, இரண்டாம் மடையின் அடைப்புப் பலகை உடைந்துள்ளது’ என்று இடக்குறியோடும் படத்தோடும் தரும் மனுவுக்கு மதிப்பீடு தயாரிப்பது பொறியாளருக்கு எளிது.

நீர் நிறைந்திருக்கும்போது ஒருமுறை சென்றதோடு பணியை முடித்துவிடாதீர்கள். கோடையில் கண்மாய் வற்றியபின் இரண்டாம் முறை செல்லுங்கள். கண்மாய்க்குள் அமைந்த பழைய மடையான குமிழியின் இரு கல் தூண்களும், அவற்றின் அடியில் துளையுள்ள கல்லும், உள்வாயில் படிந்த வண்டலும் அப்போதுதான் முழுமையாகக் கண்ணுக்குத் தெரியும். நீருக்கடியில் இருந்தவற்றின் பெயர்களையும் அப்போதுதான் கேட்க முடியும்.