குவாட்டரைக் கிராமில் எழுதுங்கள்: குடி, போதை ஆய்வுக்கு அரசு நிதி கேட்பது எப்படி

மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத்திலோ மனநலத்திலோ ஆசிரியராக இருக்கிறீர்கள், கல்லீரல் கெட்டுப்போய் வருகிறவர்களை வாரம் தவறாமல் வார்டில் பார்க்கிறீர்கள், இதைப் பற்றி உருப்படியாக ஓர் ஆய்வு செய்யலாம் என்று தோன்றுகிறது, ஆனால் காசு இல்லை. முதலில் தட்ட வேண்டிய கதவு ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 1911-இல் வேறு பெயரில் தொடங்கி 1949-இல் இந்தப் பெயருக்கு வந்த நிறுவனம். தன் சொந்த ஆய்வகங்களுக்குச் செலவழிப்பது போக, வெளியில் இருக்கும் கல்லூரிகளுக்கும் 'எக்ஸ்ட்ராமியூரல்' என்ற பெயரில் நிதி தருகிறது. அதில் சிறிய திட்டம் என்று அவர்கள் சொல்வதே 2 கோடி ரூபாய் வரை போகும். உச்சவரம்பும் தகுதியும், விண்ணப்பம் கேட்டு அவர்கள் விடும் அழைப்புக்கு அழைப்பு மாறலாம், அதனால் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். அப்புறம் இன்னொன்று, அழைப்பு வந்த பிறகு எழுத உட்காராதீர்கள். கேள்வியும் முறையும் கையில் தயாராக இருப்பவருக்குத்தான் அந்தச் சில வாரங்கள் போதும்.

புரொபோசலில் பெரும்பாலானோர் சறுக்குவது முதல் பக்கத்திலேயே. "மது என்னும் அரக்கன் சமுதாயத்தைச் சீரழிக்கிறது" என்று ஆரம்பித்து காந்தி, வள்ளுவர் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டு, கடைசியில் "விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்" என்று முடிப்பார்கள். நானும் முதல் தடவை ஏறக்குறைய அதைத்தான் எழுதினேன், திரும்பி வந்தது. குடி கெடுதல் என்பது படிக்கும் நிபுணருக்குத் தெரியும். நீங்கள் எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள், அது தெரிந்தால் யார் என்ன செய்வார்கள், இந்த இரண்டும்தான் அவருக்கு வேண்டும். உதாரணமாக, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவரிடம் செவிலியர் பத்து நிமிடம் குடியைப் பற்றிப் பேசினால் ஆறு மாதம் கழித்து அவர் குடிக்கும் அளவு குறைகிறதா? இது கேள்வி. பதில் எந்தப் பக்கம் வந்தாலும் உபயோகம்.

சரி, அளவு என்றேனே, அதை எப்படி அளப்பீர்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்வித் தாளைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். மொத்தம் 40 மதிப்பெண், 8-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டியவர். அதில் இரண்டாவது கேள்வி, குடிக்கும் நாளில் எத்தனை 'டிரிங்க்' என்பது. ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால். நம் ஊரில் யார் டிரிங்க் கணக்கில் குடிக்கிறார்கள்? "ஒரு குவாட்டர் சார்" என்பார், களப்பணியாளர் '1' என்று எழுதிவிடுவார், மதிப்பெண் பூஜ்யம். 180 மில்லி குவாட்டர், 42.8 சதவீதம் என்று போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 61 கிராம், அதாவது ஆறு டிரிங்க். கட்டிங், அதாவது அதில் பாதி, என்றால் மூன்று. 650 மில்லி பீர், 5 சதவீதம் என்றால் இரண்டரை. இந்த மாற்று அட்டவணை புரொபோசலின் இணைப்பில் இருந்தால், இவர் களத்தைப் பார்த்தவர் என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். சாராயத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதில் எத்தனை சதவீதம் என்று காய்ச்சியவருக்கே தெரியாது, மெத்தனால் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்களைப் பறிகொடுத்துப் பார்த்தோம்.

பின்னணிக்கு எண்கள் கொடுக்கும்போதும் கவனம். சமூக நீதி அமைச்சகத்தின் பணத்தில் டெல்லி எய்ம்ஸ் செய்து 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வில் ஆண்களில் 27.3 சதவீதம் பேர் குடிக்கிறார்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் அதே ஆண்கள் 18.8 சதவீதம். முதல் கணக்கில் பத்து வயதுப் பையன்களும் சேர்த்தி, இரண்டாவதில் 15 வயதுக்கு மேல்தான், அப்படியும் முதலாவதே அதிகம். கேட்ட விதம் வேறு. இரண்டில் உங்களுக்கு வசதியானதை மட்டும் எடுத்துப் போடாதீர்கள், இரண்டையும் வைத்து ஏன் வித்தியாசம் என்று இரண்டு வரி எழுதுங்கள், அதுவே உங்கள் ஆய்வுக்கான நியாயமாகவும் ஆகிவிடலாம்.

ஊசி போட்டுக்கொள்பவர்கள், ஹெராயின் எடுப்பவர்கள் பற்றிய ஆய்வு என்றால் வீடு வீடாகப் போவதில் பயனில்லை, கதவைத் திறந்து "ஆமாம்" என்று யாரும் சொல்லப் போவதில்லை. அந்த 2019 ஆய்வே வீடுகளுக்கு 186 மாவட்டங்களில் போனது தனி, சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களை 123 மாவட்டங்களில் ஒருவர் மூலம் இன்னொருவரை அழைத்துவரச் சொல்லிப் பேட்டி எடுத்தது தனி.

எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும்போது இதுதான் பெரிய தலைவலி. 1985-இன் போதைப்பொருள் சட்டத்தில் உட்கொள்வதே குற்றம், 27-ஆவது பிரிவில் ஹெராயின் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை சிறை. அப்படிப்பட்டவரிடம் கையெழுத்து வாங்கி, பெயரும் முகவரியும் எழுதி, அதே கோப்பில் பதில்தாளையும் வைத்தால் அவருக்கு எதிரான சாட்சியத்தை நீங்களே தயாரித்து வைத்த மாதிரி. அமெரிக்காவில் இத்தகைய ஆய்வுகளின் தரவைக் கோர்ட்டு கேட்டாலும் தர வேண்டாம் என்று பாதுகாப்புச் சான்று இருக்கிறது. அதை நம்பி இங்கே எழுத முடியாது. வாய்மொழிச் சம்மதம் போதும் என்று கமிட்டியிடம் காரணம் சொல்லி முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள், ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளில் அதற்கு இடம் உண்டு. பெயரே வேண்டாம், குறியீட்டு எண் போதும். போதையில் இருக்கும்போது வாங்கிய சம்மதம் சம்மதம் இல்லை என்பதையும், கணவர் குடிப்பதைப் பற்றி மனைவியிடம் கேட்பதென்றால் கணவர் இல்லாத நேரத்தில், பெண் பணியாளரை வைத்து, வேறொரு சாக்கில்தான் வீட்டுக்குள் நுழைவோம் என்பதையும் எழுதிவிடுங்கள். அந்தப் பெண் பணியாளரின் சம்பளம் பட்ஜெட்டில் இருக்கிறதா என்று உடனே பார்த்துக்கொள்ளுங்கள். இரு குழுக்களுக்கு வெவ்வேறு சிகிச்சை கொடுத்து ஒப்பிடும் சோதனை என்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு எண் வாங்க வேண்டும்.

விற்பனைத் தரவு கேட்கிற ஆசை எல்லோருக்கும் வரும். 2003 முதல் சில்லறை விற்பனையே அரசு நிறுவனத்தின் கையில் இருக்கும் மாநிலம் இது, தரவு ஓரிடத்தில் கண்டிப்பாக இருக்கிறது. ஆனால் தருகிறோம் என்ற கடிதம் கையில் வராமல் அதை நம்பி முழு ஆய்வையும் கட்டாதீர்கள். மது கம்பெனிப் பணம் மட்டும் எந்த வழியிலும் வேண்டாம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.எச். நடத்தத் தொடங்கிய ஒரு பெரிய மது ஆய்வு, கம்பெனிகளிடம் அதிகாரிகளே பேசிப் பணம் திரட்டியது வெளியே வந்ததும் 2018-இல் பாதியில் இழுத்து மூடப்பட்டது.

பட்ஜெட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சம்பளத்துக்கு அவர்கள் நிர்ணயித்த விகிதம் உண்டு, அதையே போடுங்கள். பங்கேற்பவருக்குப் பேருந்துக் காசும் அரை நாள் கூலியும் சேருங்கள். முதல் நான்கு மாதத்தை ஆள் எடுப்பதற்கென்றே காலண்டரில் ஒதுக்குங்கள், பணம் கல்லூரிக் கணக்குக்கு வந்து, விளம்பரம் கொடுத்து, நேர்காணல் முடிய அவ்வளவு ஆகும், பத்து நாளில் களத்தில் இறங்குவோம் என்று எழுதினால் அனுபவமில்லாதவர் என்று தெரிந்துவிடும். கணக்குப் பிரிவு ஆளிடம் முதல் நாளே நல்லபடியாகப் பேசி வையுங்கள். ஆண்டு முடிவில், வந்த பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை வராது, அதில் கையெழுத்து வாங்கித் தரப்போவது அவர்தான்.