மேஜிக் ஆட்டத்துக்கு முதல் சிவப்பு டெக் கட்டுவது எப்படி

மேஜிக் தி கேதரிங் என்ற அட்டை விளையாட்டில் முதல் டெக் (ஆடுவதற்கான அட்டைக்கட்டு) கட்டுகிறீர்களா? ஒரே நிறத்தில், சிவப்பில் தொடங்குங்கள். குறைந்தது 60 அட்டை வேண்டும், சரியாக 60 போதும். பிடித்த அட்டைகளையெல்லாம் திணித்து 70 ஆக்கினால் நல்ல அட்டை கைக்கு வருவதே அரிதாகிவிடும்.

பேசிக் லேண்ட் (மற்ற அட்டைகளை ஆடத் தேவையான மானா என்ற சக்தியைத் தரும் அடிப்படை அட்டை) தவிர எந்த அட்டையும் 4 பிரதிக்கு மேல் கூடாது. முக்கியமானதை நாலும் வையுங்கள், அப்போதுதான் முதல் 7 அட்டைகளில் ஒன்றாவது வர ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு.

எதிராளிக்கு 20 உயிர். லைட்னிங் போல்ட் என்ற மந்திர அட்டை ஒரு மானாவுக்கு 3 அடி தருகிறது, அதாவது அந்த மாதிரி ஏழு அட்டை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, ஆனால் ஏழையும் கையில் சேர்க்க நேரமாகும் என்பதால் முதல் சுற்றிலேயே இறங்கி அடிக்கும் மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர், காப்ளின் கைடு போன்ற உயிரின அட்டைகள் கட்டாயம் வேண்டும்.

லேண்ட் 20 போதும். அட்டைகள் எல்லாம் ஒன்று, இரண்டு மானாதான். ஐந்து மானா டிராகன் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த டெக்கில் வேண்டாம்.

அப்புறம் பத்து ஆட்டம் ஆடிப் பாருங்கள். தோற்கும்போது கையில் தேங்கி நின்ற அட்டை எது என்று குறித்துவைத்து, அதை முதலில் மாற்றுங்கள்.