மயிற்கொன்றை இன்னும் பூக்கவில்லையா? காரணம் கண்டறியும் படிகள்

நவம்பர் தொடங்கி ஜனவரி வரை மொரீஷியஸ் சாலையோரமெல்லாம் சிவந்து கிடக்கும். நாம் ஃப்ளாம்புவாயான் என்று கூப்பிடும் மயிற்கொன்றையின் காலம் அது. உங்கள் மரம் மட்டும் பச்சையாகவே நிற்கிறதா? உரம் வாங்கப் போகுமுன் இந்த வரிசையில் பாருங்கள்.

முதல் படி: வயது. விதை போட்டு வளர்த்த மரம் பூக்கப் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் ஆகும், சிலது இன்னும் தாமதிக்கும். நெடுநெடுவென உயர்ந்துவிட்டதே என்று ஏமாறாதீர்கள், மயிற்கொன்றை சிறுவயதில் வேகமாக வளரும். போத்து நட்டு வந்த மரம் சீக்கிரம் பூக்கும். முதிர்ந்த மரத்தின் கிளைதானே அது.

இரண்டாம் படி: அது மயிற்கொன்றைதானா? ஜகரண்டா கன்றும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிரே வந்து, சிற்றிலை நுனி கூராக இருந்தால் ஜகரண்டா. இலைகள் மாறி மாறி வந்து, நுனி மழுங்கியிருந்தால் மயிற்கொன்றை.

மூன்றாம் படி: வெயில். நாளுக்கு 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். மாமர நிழலில் நட்டிருந்தால் வேறெதைச் செய்தும் பலனில்லை.

நான்காம் படி: தண்ணீர். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மடகாஸ்கரின் வறண்ட இலையுதிர் காடுகளே இதன் தாயகம். மொரீஷியஸில் வாழ்ந்த தாவரவியலாளர் போஜர் மடகாஸ்கரில் கண்டறிந்த இந்த மரத்தின் விவரிப்பு 1829இல் வெளியானது. குளிர்காலத்தில் காய்ந்து, இலை கொட்டி, வெப்பம் ஏறும்போது பூப்பது இதன் இயல்பு. புல்தரைக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர் தெளித்தால் மரத்துக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. முதல் இரண்டு ஆண்டு வாரத்துக்கு 20 லிட்டர் ஊற்றுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து ஜூலை முதல் அக்டோபர் வரை நிறுத்திவிடுங்கள். இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பதறவேண்டாம். க்யூர்பிப் மேட்டுநிலத்தில் குளிரும் மழையும் விடாமல் தொடர்வதால், போர்ட் லூயி மரங்களைவிடத் தாமதமாகவும் குறைவாகவும் பூக்கும். அங்கே பொறுமைதான் வேண்டும்.

ஐந்தாம் படி: உரம். புல்லுக்குப் போடும் நைட்ரஜன் உரம் வேர்ப்பகுதியில் விழுந்தால் இலையும் கிளையும்தான் பெருகும். அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, முதல் மழையோடு இரண்டு வாளி மக்கிய தொழுவுரம் போதும்.

ஆறாம் படி: வெட்டு. புயல் வருமுன் கிளை கழிக்கலாமே என்று அக்டோபரில் நுனிகளை வெட்டுகிறார்கள். பூங்கொத்து வருவதே நுனிப் பகுதியில்தான்! அப்போது காய்ந்ததையும் முறிந்ததையும் மட்டும் எடுங்கள், மற்றதைப் பூத்து முடிந்ததும் கழியுங்கள். புயலில் பெருங்கிளை ஒடிந்த மரம் ஓரிரு ஆண்டு தழைப்பதிலேயே இருக்கும், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

அக்டோபர் கடைசியில் கிளை நுனிகளைப் பாருங்கள். பச்சை மொட்டுகள் கொத்தாகத் தெரிந்ததும், மழை இல்லாவிட்டால் மட்டும், வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள்.