மனப்பாடம் இல்லாமல் மேடையில் பேச வைப்பது எப்படி? ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு செய்முறை விளக்கம்

ஜூலை 15 காமராசர் பிறந்தநாள். பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள் என்று பேச்சுப் போட்டி வைப்பார்கள். நன்றாகப் படிக்கிற நாலு பிள்ளைகளைப் பிடித்து, ஆளுக்கொரு தாளில் உரையை எழுதிக் கொடுத்துவிடுவோம். பிள்ளை ராத்திரி பகலாக உருப்போடும். மேடையில் நடுவில் ஒரு வரி விட்டுப்போகும். அவ்வளவுதான், அதற்கடுத்த வரி எதுவும் வராது. கூட்டத்தில் யாரோ சிரிப்பார்கள். அந்தப் பிள்ளை அடுத்த வருடம் பெயர் கொடுக்காது.

மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கம் மாலை வகுப்பு நடத்துகிறேன். அங்கே பார்த்தவரை, பிள்ளைகள் பயப்படுவது கூட்டத்துக்கு என்பதைவிட, அடுத்த வரி மறந்துவிடுமோ என்பதற்குத்தான். அடுத்தவர் எழுதிய வரி அது. மறந்தால் தேடிப் பிடிக்க உள்ளே ஒன்றும் இருக்காது. அதனால் முதல் வேலையாக, உரை எழுதிக் கொடுப்பதை நிறுத்துங்கள். அப்புறம் கீழே உள்ளபடி ஆரம்பிக்கலாம்.

படி 1: முதலில் கேட்கிறவர்களைப் பழக்குங்கள்

ஐந்தாறு பேரை வட்டமாக உட்கார வையுங்கள். பேசுகிறவரும் உட்கார்ந்தே பேசட்டும். மூன்று விதிகள் போதும்: நடுவில் யாரும் சிரிக்கக் கூடாது, நடுவில் யாரும் திருத்தக் கூடாது, முடிந்ததும் பேசிய விஷயத்தைப் பற்றி ஒருவராவது ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்தக் கடைசி விதியை விட்டுவிடாதீர்கள். கேள்வி வந்தால்தான், தான் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியும். கைதட்டல் அந்த வேலையைச் செய்யாது.

மதுரையில் சௌராஷ்டிரம் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் நிறைய உண்டு. கிராமத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு ஊர்ப் பேச்சு இருக்கும். உச்சரிப்பைக் கிண்டல் செய்தால் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்.

திக்கிப் பேசுகிற பிள்ளை இருந்தால், அது சொல்ல வந்த சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லி முடிக்காதீர்கள். நேரம் கொடுத்துக் காத்திருங்கள். திக்குவாய்க்குச் சிகிச்சை தரும் பேச்சுச் சிகிச்சையாளரிடம் (ஸ்பீச் தெரபிஸ்ட்) ஒருமுறை காட்டச் சொல்லிப் பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள்.

படி 2: தெரிந்ததைப் பேச விடுங்கள்

தலைப்பு கொடுக்கும்போது நாட்டுப்பற்று, சுற்றுச்சூழல் என்று ஆரம்பிக்க வேண்டாம். அந்தப் பிள்ளை கையால் செய்த வேலை, கண்ணால் பார்த்த விஷயம் ஒன்றைக் கேளுங்கள். ஒரு நிமிடம் பேசினால் போதும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. பேசச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள்.

"எங்க வீட்டுல மல்லி போட்டிருக்கோம் சார். காலையில பறிப்போம். அம்புட்டுதான்."

"எத்தனை மணிக்குத்தா போவீங்க?"

"விடியறதுக்கு முன்னாடியே போயிருவோம். வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிரணும்."

"இருட்டுல மொட்டு எப்படித் தெரியும்?"

"நெத்தியில லைட்டு கட்டிக்கிருவோம் சார். மறுநாளைக்கு உள்ள சின்ன அரும்பையும் சேத்துக் கிள்ளிட்டா எங்கம்மா வையும்."

இதைச் சொல்லும்போது அவள் கை தானாக மேலே வந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து எப்படிக் கிள்ளுவது என்று காட்டினாள். பக்கத்தில் இருந்த பையன், மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு யார் கொண்டுபோவார்கள் என்று கேட்டான். அதற்கும் பதில் சொன்னாள். ஒரு நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.

இந்தப் படியில் உங்கள் வேலை கேள்வி கேட்பதுதான். எப்போது, எங்கே, எப்படி, ஏன், அப்புறம் என்ன ஆச்சு? 'நல்லாப் பேசு', 'பயப்படாதே' என்பதெல்லாம் பிள்ளைக்கு உதவாது. நல்ல கேள்வி உதவும்.

படி 3: வாய்ப் பேச்சிலிருந்து மேடைத் தமிழுக்கு

பேசியதை அந்தப் பிள்ளையே எழுதட்டும். 'நெத்தியில லைட்டு கட்டிக்கிருவோம்' என்பது 'நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொள்வோம்' என்று மாறும். அதற்குமேல் அலங்காரம் வேண்டாம். இந்த இடத்தில்தான் நாம் ஒன்றிரண்டு தகவல் சேர்க்கலாம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அங்கீகாரம், கிடைத்தது என்று சொன்னால், தன் தோட்டத்துப் பூவுக்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறதா என்று அவளுக்கே ஆர்வம் வரும். அந்த ஆர்வம் பேச்சிலும் தெரியும்.

சரி, போட்டியில் தலைப்பு காமராசர் என்றுதானே வருகிறது? அதற்கும் இதே வழிதான். அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். பள்ளிகளில் மதிய உணவு அவர் காலத்தில் பரவியது. இதை எல்லாரும் சொல்வார்கள். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அவர்கள் பள்ளியில் சாப்பிட்டார்களா, தட்டை வீட்டிலிருந்து கொண்டுபோனார்களா, ஏன் படிப்பை நிறுத்தினார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அங்கிருந்து பேச்சைத் தொடங்கட்டும். நடுவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

படி 4: உள்ளங்கைச் சீட்டு

முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் இருப்பதை ஐந்து சொற்களாகச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். 'விடியல், விளக்கு, அரும்பு, மார்க்கெட், விலை.' ஒவ்வொரு சொல்லைப் பார்த்தும் இரண்டு மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். தினமும் வாக்கியம் வேறு மாதிரி வரும். வரட்டும், அதுதான் வேண்டும்.

விளிப்பு சுருக்கமாக இருக்கட்டும். 'அவையில் வீற்றிருக்கும்' என்று ஒவ்வொருவராக அடுக்கினால் மூன்று நிமிடப் பேச்சில் அரை நிமிடம் போய்விடும். 'அனைவருக்கும் வணக்கம்' போதும்.

படி 5: மறந்தால் என்ன செய்வது என்று பழக்குங்கள்

நான் மிகவும் நம்புகிற பயிற்சி இது. பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது நீங்களே கையை உயர்த்தி நிறுத்துங்கள். சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது அந்தப் பிள்ளை செய்ய வேண்டியது: வாயை மூடி ஒரு மூச்சு, கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை இன்னொரு முறை நிதானமாகச் சொல்வது, பிறகு நினைவுக்கு வருகிற எந்தச் சொல்லில் இருந்தாவது தொடர்வது. வரிசை மாறினால் பரவாயில்லை; கேட்கிறவருக்கு வரிசை தெரியாது. நாலைந்து முறை பழகிவிட்டால், மறப்பது ஒரு விபத்தாகத் தெரியாது.

மூச்சை இழுப்பதைவிட விடுவது மெதுவாக இருக்க வேண்டும். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடச் சொல்லுங்கள். பயத்தில் அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கும், வாய் உலரும். உடம்பு செய்கிற வேலை அது என்று வயதுக்கேற்ப விளக்கிவிட்டால் பாதிப் பதற்றம் குறையும்.

முடிந்தால் பிள்ளைகளை மதுரை தமுக்கம் பக்கம் காந்தி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய் ஒரு கதை சொல்லுங்கள். வக்கீலாக பம்பாயில் எடுத்த முதல் வழக்கில், குறுக்கு விசாரணை செய்ய எழுந்த காந்திக்குத் தலை சுற்றி, ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார். அதே மனிதர்தான் 1921 செப்டம்பர் 22 அன்று நம் மதுரை மேலமாசி வீதியில் அரையாடைக்கு மாறியவர். ஊர் ஊராகப் போய்ப் பெருங்கூட்டங்களில் பேசியவர். பேச வராதவர் என்று யாரையும் ஒதுக்க முடியாது என்பதைப் பிள்ளைகளே புரிந்துகொள்வார்கள்.

படி 6: குட்டிப் பட்டிமன்றம்

திருவிழாவில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அணிக்கு மூன்று பேர், ஒரு நடுவர். 'லீவுக்குப் போக நல்லது பாட்டி ஊரா, டவுனா?' மாதிரி தலைப்பு போதும். எதிரணி சொன்னதற்குப் பதில் சொல்லும் அவசரத்தில், தன்னை எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதே பிள்ளைக்கு மறந்துபோகும். உரை மட்டும் சொல்லிப் பழகிய பிள்ளைகள் இங்கே கொஞ்சம் தடுமாறுவார்கள். வட்டத்தில் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர்கள் வெளுத்துக் கட்டுவார்கள். கூச்சம் அதிகமுள்ள பிள்ளையை நடுவராகப் போடுங்கள். இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமே!

படி 7: கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள்

வட்டத்திலிருந்து வகுப்புக்கு, வகுப்பிலிருந்து காலை வணக்கக் கூட்டத்துக்கு. அங்கே திருக்குறள், செய்தி வாசிப்பு என்று சின்னச் சின்ன வாய்ப்புகள் இருக்கின்றன. எப்போதும் ஒரே பிள்ளைக்குப் போகாமல் பிரித்துக் கொடுங்கள். அதன் பிறகு, தலைவர்கள் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் நடத்தும் பேச்சுப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கலாம்.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு திருத்தம்தான் சொல்ல வேண்டும். இன்று வேகம், அடுத்த வாரம் பார்வை, அதற்கடுத்து 'ழ'கரம். மொத்தமாகக் கொட்டினால் பிள்ளைக்கு எதுவும் நிற்காது.

மேடை நாளன்று

மைக்கை முன்னாடியே தொட்டுப் பழக விடுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி இருந்தால் 'ப' வரும் இடத்தில் புஸ் என்று அடிக்காது. மைக்கை ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கம் திருப்பினால் கீச்சென்று கத்தும்; அது பிள்ளையின் தப்பில்லை என்பதையும் சொல்லி வையுங்கள். சின்னப் பிள்ளை என்றால் ஸ்டாண்டின் உயரத்தை மைக் செட்காரரிடம் முதலிலேயே சொல்லி இறக்கி வைக்க வேண்டும். ஒரு மிடறு தண்ணீர் குடிக்கட்டும். அரங்கின் இடம், வலம், நடு என்று மூன்று தெரிந்த முகங்களை உட்கார வைத்துவிட்டால் பார்வை தானாக எல்லாப் பக்கமும் போகும்.

இறங்கி வந்ததும் 'பிரைஸ் கிடைக்குமா?' என்று கேட்காதீர்கள். வட்டத்தில் கேட்ட மாதிரியே, பேசிய விஷயத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.